ஒண்ணாம் நம்பர் பங்களா

பாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் குழந்தைகள் எதையும் மறக்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் சொல்வது பொய் என்பதால் அல்ல, முழுக்க முழுக்க உண்மை என்பதால். என் மகள் மறக்கவில்லை. நான்கரை வயதில், மாசி மகக் கூட்டத்தில் தொலைந்துபோய், ஒரு போலீஸ்காரரின் விரலைப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் வீட்டு முகவரியைப் பாடினாள். அது எங்கள் வீட்டு முகவரி இல்லை, அவ்வளவுதான். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

எழுபதுகளின் நடுவில் மகாபலிபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புகளை வெட்டித் தள்ளிவிட்டு சர்க்கார் ஒரு பெரிய வேலையை ஆரம்பித்திருந்தது. அதற்கு வந்த ஆட்களுக்காகக் கட்டிய குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தோம். என் கணவர் அங்கே டிராஃப்ட்ஸ்மேன். குவார்ட்டர்ஸ் என்றால் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பெட்டிகள். ஒவ்வொரு பிளாக்கிலும் கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் கதவு, ஒரே சிமெண்ட் ஜாலி, ஒரே அளவில் துணிக்கொடி. கட்டியவர்களுக்கு ஒரு பிளானுக்கு மேல் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கணக்கும் விஞ்ஞானமும் கரைத்துக் குடித்த பெரிய மனிதர்களே ஷிப்ட் முடிந்து வந்து, அடுத்த பிளாக்கில் ஏறி, அடுத்தவர் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகுவார்கள். எங்கள் பூட்டை ஒருவர் மூன்று தடவை திருகியிருக்கிறார். மூன்றாம் தடவை, தவறு எங்களுடையது என்பதுபோல் என்னை முறைத்துவிட்டுப் போனார்.

நான் செங்கல்பட்டுக்காரி. கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வளர்ந்தேன். எங்கள் சந்தில் எந்த வீட்டுக்கும் நம்பர் தேவைப்பட்டதில்லை. இட்லிக்காரி வீடு, வக்கீல் குமாஸ்தா வீடு, கிணறு இடிந்த வீடு என்றால் போதும். கல்யாணமாகி இங்கே வந்து, நாமும் ஒரு நம்பராகிவிட்டோமே என்று முதலில் பெருமைகூடப் பட்டேன். அந்தப் புத்தியை என்ன சொல்ல.

குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா தினமும் கூடை சுமந்து வருவார். அவருக்கும் நம்பர் கிடையாது. எந்த வீட்டில் என்ன மீன் வாங்குகிறார்களோ அதுதான் அந்த வீட்டின் பெயர். சங்கரா வூடு, நெத்திலி வூடு, பேரம் பேசிட்டு வாங்காத வூடு. எங்கள் வீடு காரப்பொடி வூடு. இருக்கிற மீனிலேயே மலிவு அதுதான். அவர் கீழே நின்று, "ஏ காரப்பொடி வூட்டம்மா!" என்று ஊருக்கே கேட்கக் கூப்பிடும்போது எனக்கு மானம் போகும். நம்பர் சொல்லிக் கூப்பிடக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்பரு இன்னாத்துக்கு? நம்பரா துன்னுது?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

குவார்ட்டர்ஸில் ஒரு மாதர் மன்றம் இருந்தது. கணவனின் பதவிக்குத் தகுந்த வீடு, வீட்டுக்குத் தகுந்த நாற்காலி என்பது அதன் சட்டம். பங்களாக்காரிகளுக்கு முன்வரிசையில் மெத்தை வைத்தது. எங்களைப் போன்ற பிளாக்குக்காரிகளுக்குப் பின்னால் இரும்பு மடக்கு நாற்காலி. அதிலும் பாதி மடங்காது, மீதி மடங்கினால் விரியாது. எல்லோருக்கும் மேலே இருந்த அதிகாரியின் மனைவிதான் பிரசிடெண்ட். ஒண்ணாம் தெரு முனையில் ஒண்ணாம் நம்பர் பங்களா, சிவப்புக் கேட், உள்ளே செம்பருத்தி வேலி. மீன்காரம்மா பாஷையில் வஞ்சிரம் வூடு. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து டில்லியில் படித்தார்கள். அந்த அம்மாளுக்குப் பொழுது போகவில்லை. பொழுது போகாத பெரிய வீட்டுப் பெண்களால் சிறிய வீட்டுக் குழந்தைகளுக்கு வருகிற நன்மைகளில் ஒன்றாக, மன்றத்தின் பெயரில் ஒரு நர்சரி ஆரம்பமானது. சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டைக் கழுவி, சுவரில் ஒரு யானையும் ஒரு வாத்தும் வரைந்தார்கள். வாத்து யானையைவிடப் பெரியது. ஆர்மோனியப் பெட்டி வாசிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் நான் அங்கே டீச்சர் ஆனேன்.

ஒருநாள் மத்தியானம் எங்கள் நர்சரிப் பையன் ஒருவன் தன் பிளாக் என்று நினைத்து வேறொரு பிளாக்கில் ஏறி, திறந்திருந்த வீட்டில் நுழைந்து, அங்கே யாரோ பரிமாறிய தயிர் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனான். அவன் தாய் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதனதன் முகவரியைப் பாட்டில் வைத்துக் கொடுத்துவிட்டால் என்ன? நல்ல யோசனை. என்னுடையது என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல யோசனைதான்.

"எங்க வீடு எங்க வீடு, எங்க இருக்கு சொல்லட்டா?" என்று எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். பிறகு ஒரு குழந்தை எழுந்து தன் வீட்டைச் சொல்லும். என் மகள், "பதினாலாம் பிளாக்கிலே, மூணாம் நம்பர் மாடியிலே" என்று பாடி, மாடி என்னும் இடத்தில் குதிகாலை உயர்த்திக் காட்டுவாள். மறுபடி எல்லோரும் பாடுவார்கள். அடுத்த குழந்தை எழும். இரண்டு வாரத்தில் இருபத்திரண்டு குழந்தைகளும் தங்கள் வீட்டைச் சொன்னார்கள். தயிர் சாதம் சாப்பிட்ட பையன் தன் பிளாக்கைச் சொன்னதோடு நிற்காமல், வாசலில் இருக்கும் நாயையும் சேர்த்துக்கொண்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. குவார்ட்டர்ஸுக்கே நான்தான் வழி காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் மன்றத்துக்கு ஆண்டு விழா வந்தது. டில்லியிலிருந்து யாரோ பெரிய அதிகாரி தலைமை. ஒத்திகை பார்க்க பிரசிடெண்டம்மாள் ஷெட்டுக்கு வந்தாள். கையில் கைக்குட்டை, குழந்தைகள் கிட்டே வந்தால் மூக்குக்குப் போகும். பாதிப் பாட்டிலேயே கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

"என்ன டீச்சர் இது, ஏலம் போடற மாதிரி ஆளாளுக்கு ஒரு நம்பர்? சீஃப் கெஸ்ட் மொத்தமே பத்து நிமிஷம்தான் உட்காருவார். எல்லாரும் சேர்ந்து ஒரே அட்ரஸா பாடட்டும்."

"எந்த அட்ரஸும்மா?"

"எதுவா இருந்தா என்ன? சும்மா ஒரு மாதிரிக்குத்தானே." மேலே பார்த்து யோசிப்பதுபோல் பாவனை செய்தாள். "வேணும்னா எங்க வீட்டுது வெச்சுக்கங்க. ஒண்ணாம் நம்பர்னா தாளத்துக்கும் சுலபமா வரும்."

இருபத்திரண்டு வீடுகளில் ஒன்றுகூட அந்த அம்மாளுக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

"அது இவங்க வீடு இல்லையேம்மா" என்றேன். அவ்வளவாவது சொன்னேன் என்று நெடுநாள் எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டது உண்டு.

"குழந்தைங்களுக்கு என்ன தெரியப்போகுது? ஃபங்ஷன் முடிஞ்சதும் பழையபடி மாத்திச் சொல்லிக் குடுத்துடுங்க. நீங்க நடுவுல உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிங்க. பட்டுப்புடவை இருக்கில்ல?"

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "பேசாம பாடிட்டுப் போயேன். தனி வீட்டுக்கு லிஸ்ட் போடறாங்க, கையெழுத்து அவங்க வீட்டுக்காரர்து" என்றார். தைரியசாலி. அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். பல வருஷம் அப்படித்தான் செய்தேன். உண்மை வேறு. "நீங்க நடுவுல உட்கார்ந்து" என்ற சொல் போதுமாக இருந்தது. மேடை நடுவில், பட்டுப்புடவையில், முன்வரிசை மெத்தை நாற்காலிகள் எல்லாம் என்னை அண்ணாந்து பார்க்க நான் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்ததுமே பதினாலாம் பிளாக்கு எனக்கு மறந்துபோய்விட்டது.

அன்று சாயங்காலமே புதுப் பாட்டு தயார்.

"ஒண்ணாம் நம்பர் பங்களா,
ஒண்ணாம் தெரு முனையிலே,
சிவப்புக் கேட்டு போட்டிருக்கும்,
செம்பருத்தி பூத்திருக்கும்,
எங்க வீடு எங்க வீடு,
எல்லோரும் வாங்களேன்!"

செம்பருத்தியை யாரும் கேட்கவில்லை. அது என் சொந்தக் கைங்கரியம். காக்காய் பிடிப்பதிலும் ஒரு கலையழகு வேண்டாமா?

மற்ற குழந்தைகள் கிளிப்பிள்ளை மாதிரி மாறிக்கொண்டார்கள். நாய் போனதில் மட்டும் அந்தப் பையனுக்கு வருத்தம். என் மகள்தான் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும், எல்லோரும் பங்களா என்னும்போது இவள் குரல் மட்டும் கணீரென்று பதினாலாம் பிளாக்குக்குப் போகும்.

"இது நம்ம வீடு இல்லம்மா" என்று சொன்னாள். பிடிவாதமாக அல்ல. எனக்குத் தெரியாமல் போய்விட்டது, பாவம், என்று நினைத்துச் சொல்லிக் கொடுப்பதுபோல் சொன்னாள்.

முதல் நாள் அதட்டினேன். இரண்டாம் நாள் ஒத்திகைக்கு பிரசிடெண்டம்மாள் வந்திருந்தாள், இவள் மறுபடி பாடினாள், அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கி, "உங்க குழந்தையா டீச்சர்?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து மர ஸ்கேலை எடுத்தேன். கையை நீட்டச் சொல்லிப் புறங்கையில் மூன்று அடி வைத்தேன்.

"வீடு எதுன்னு யார் கேட்டாலும் இதைத்தான் பாடணும். வேற ஒண்ணும் வாயத் தொறக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு பாடினாள். அப்படி நின்றது பார்க்க அடக்கமாக இருந்ததால், மற்ற குழந்தைகளையும் அப்படியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். இதைவிட வெட்கக்கேடாக ஒன்றை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

விழா நடந்தது. டில்லி அதிகாரி முந்திரிப் பருப்பு தின்றுகொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார். குழந்தைகள் நிறுத்தியதும், ஏதோ முடிந்துவிட்டது என்று தெரிந்து கைதட்டினார். பிரசிடெண்டம்மாள் வாயெல்லாம் பல்லாக மேடை ஏறி, முன்னால் நின்ற என் மகளின் கன்னத்தைத் தட்டினாள். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் டப்பா கொடுத்தார்கள். மூடியில் பெயர் வெட்டியிருந்தது. குழந்தையின் பெயர் இல்லை, மன்றத்தின் பெயர்.

பழையபடி மாற்றிச் சொல்லிக் கொடுக்கவேண்டியதை நான் செய்யவில்லை. அப்புறம் ஆகட்டும் என்று விட்டேன். பாராட்டு இன்னும் வந்துகொண்டிருந்தது, அதைப் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை.

மூன்று வாரத்தில் மாசி மகம். மகாபலிபுரத்தில் அன்றைக்குக் கடற்கரை தெரியாது, தலைதான் தெரியும். விடிவதற்குள் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வந்துவிடுவார். முதல் நாளே வந்து மணலில் புடவையால் கூடாரம் போட்டிருக்கும் இருளர் குடும்பங்கள் ஒருபக்கம், திருக்கழுக்குன்றத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டும் பஸ் பிடித்தும் வந்து குளிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். என் நாத்தனார் குடும்பம் செங்கல்பட்டிலிருந்து வந்திருந்தது. குளித்து முடித்து, ஈரத் துணியைப் பிழிந்துவிட்டு, மணலில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். நான் விழாக் கதையைப் பிரித்தேன்.

"பாடிக் காட்டுடி" என்று மகளிடம் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாடினாள். நாத்தனார், "அண்ணி, உனக்கு இவ்ளோ திறமை இருக்கா!" என்று வாயைப் பிளந்தாள். அதற்கு மேல் எனக்கு வேறென்ன வேண்டும்? நான் எங்கே உட்கார்ந்தேன், என்ன புடவை, டில்லிக்காரர் எப்படிக் கைதட்டினார், முந்திரிப் பருப்பை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால் என் பக்கத்தில் ஒரு பாதி தின்ற புளியோதரை இலை இருந்தது. குழந்தை இல்லை.

அந்த இரண்டு மணி நேரத்தை எழுத எனக்குத் தெரியாது. கடல் பக்கமே கண் போகிறது. அலையில் எந்தச் சிவப்புத் துணி தெரிந்தாலும் அது அவள் பாவாடையாகிவிடுகிறது. ஒவ்வொரு கூடாரத்திலும் குனிந்து பார்த்தேன். ஒரு இருளப் பெண், தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், அதைத் தோளில் போட்டுக்கொண்டு என்கூடவே தேடி வந்தாள். யாரென்றே தெரியாது. நாத்தனார் வீட்டுக்காரர் அழுதுகொண்டே பெயர் சொல்லிக் கத்தினார். என் கணவர் எங்கெங்கோ ஓடிவிட்டுக் கடைசியில் போலீஸ் கொட்டகைக்கு என்னை இழுத்துப் போனார்.

கொட்டகையில் இருந்த போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டே கேட்டார். "செவப்பு பாவாட, ரெட்ட ஜட, கன்னத்துல மச்சம்? அட, அந்த பாட்டு பாப்பாவா! காலீலயே கெட்ச்சிடுச்சும்மா. ஒரு சொட்டு கண்ணீரு இல்ல. வூடு எங்கன்னு கேட்டா பாட்டாவே பாடிச்சு. நம்மாளு ஒர்த்தரு ட்யூட்டி முட்ஞ்சி அந்தப் பக்கந்தான் போனாரு, கூடவே பஸ்ல அனுப்சிட்டோம். இந்நேரம் வூட்டுல நாஸ்தா துன்னுகினு இருக்கும்."

என் கணவர் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியா? உன் பாட்டுதான் காப்பாத்திச்சு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்ன அட்ரஸ் சொன்னா?" என்று போலீஸ்காரரைக் கேட்டேன்.

"அதான், ஒண்ணாம் நம்பர் பங்களா. பெரிய எடம் போலகீதேன்னு நாங்களே பேசிகினோம்."

என் கணவரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தனி வீட்டு லிஸ்ட்டைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. அங்கே யாரும் இல்லையென்று திரும்பக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று அவர் கொட்டகையிலேயே நின்றுகொண்டார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

திருவிழா பஸ். படியில் தொங்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு சமாதானம்: என்ன இருந்தாலும் பிரசிடெண்டம்மாளுக்கு அவளைத் தெரியும், கன்னத்தைத் தட்டியிருக்கிறாள், வீட்டுக்குள் உட்காரவைத்து ஒரு பிஸ்கெட்டாவது கொடுத்திருப்பாள். அந்த அம்மாளின் பெருந்தன்மையை நம்பி நான் பயணம் செய்தது அது ஒரு தடவைதான்.

சிவப்புக் கேட் சாத்தியிருந்தது. தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனேன். செம்பருத்தி நன்றாகப் பூத்திருந்தது. தோட்டக்காரர் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"கொயந்தயா? ஆமாம்மா, ஒரு போலீஸ்காரரு இட்டாந்தாரு. இந்த வூட்டு அட்ரஸத்தான் பாடிச்சு. எனக்கே பேஜாரா பூட்ச்சு. அம்மா தூங்கினு இருந்தாங்க. சன்னலாண்ட நின்னு சொன்னேன். நம்ம வீட்டுல ஏது குழந்தை, திருப்பி அனுப்பு, தூங்க விடுன்னாங்க."

"வெளிய வந்து பாக்கவே இல்லையா?"

"இல்லம்மா. பாட்டு சத்தம் கேட்டு சன்னல கூட சாத்திகினாங்க."

எப்போது என்றேன். அரை மணி இருக்கும், பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார்கள் என்றார். ஒரு நொடி அந்தச் சாத்திய சன்னலைப் பார்த்தேன். கல் எடுத்து எறிந்திருக்கவேண்டும். நானோ, கேட் சத்தம் போடாமல் மெதுவாகச் சாத்திவிட்டு ஓடினேன். பழக்க தோஷம்.

ஒண்ணாம் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோடு எங்கள் பிளாக்கை ஒட்டித்தான் போகிறது. எங்கள் துணிக்கொடியில் அவளுடைய பச்சை கவுன் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் நடந்து போயிருப்பாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள். வேறு வாயைத் திறக்கக் கூடாதே.

பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னக் கூட்டம். நடுவில் குரல் மட்டும் கேட்டது. அந்தக் குரலால் என் மானம் எத்தனை தடவை போயிருக்கிறது.

"யோவ் போலீஸு, நான் சொல்றது காதுல வுயில? இது காரப்பொடி வூட்டு கொயந்தய்யா! நம்பரு கிம்பரு எனக்கு தெரியாது. மாடிப்படியில கைப்புடி ஒட்ஞ்சிகீது, அந்த வூடு. வா, கூட்டினு போயி காட்றேன்."

"யம்மா, உன் பேச்ச நம்பி குடுத்துட்டு, நாளிக்கு எவனாவது வந்து கேட்டா என் வேல பூடும். கொயந்தயே வேற சொல்லுது பாரு. பாப்பா, உன் வூடு எங்க?"

"ஒண்ணாம் நம்பர் பங்களா, ஒண்ணாம் தெரு முனையிலே" என்று என் மகள் ஆரம்பித்தாள். குரல் கம்மியிருந்தது. எத்தனை தடவை பாடியிருப்பாளோ.

"அது வஞ்சிரம் வூடுய்யா. அங்க ஏது கொயந்த? நான் மீனு போட்ற நாளா அந்த வூட்ல முள்ளு எடுத்து ஊட்டறதுக்கு ஆளு கெடயாது" என்றார் மீன்காரம்மா. பஸ் வந்தால் போலீஸ்காரர் குழந்தையோடு ஏறிவிடுவாரே என்று, காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் அவளை உட்காரவைத்து, முன்னால் காலை நீட்டி ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு பஸ் அப்படிப் போய்விட்டதாம்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனதும் அவள் கூடையிலிருந்து குதித்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. மீன் வாசனை அடித்தது. அந்த வாசனைக்கு அன்றைக்கு நான் மூக்கைச் சுளிக்கவில்லை.

போலீஸ்காரர் நல்ல மனிதர். ஆனால் சட்டம் பேசுகிற மனிதர். "நீங்க இன்னா வேணும் கொயந்தைக்கு?"

"அம்மா."

"வூடு?"

"பதினாலாம் பிளாக்கு, மூணாம் நம்பர்."

"அப்ப அந்த பங்களா?"

"அது பாட்டு" என்றேன்.

"பாட்டுன்னா? யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். அதில் எங்கள் பிளாக்குக்காரர்கள் இருந்தார்கள். விழாவில் கைதட்டியவர்கள் இருந்தார்கள். "நான்தான்" என்றேன். மேடை நடுவில் உட்கார ஆசைப்பட்டேன் இல்லையா, உட்கார்ந்தாயிற்று.

போலீஸ்காரர் குனிந்து குழந்தையைக் கடைசியாக ஒரு தடவை கேட்டார். "பாப்பா, இவங்க யாரு?"

"அம்மா."

"சரி. அம்மாவே வந்துட்டாங்க. இப்ப சொல்லு, உங்க வூடு எது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் வலது கையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஒண்ணாம் நம்பர் பங்களா..."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கழற்றிச் சிரித்துவிட்டு, சரி கூட்டிப் போங்கள் என்றார். மீன்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, கூடையைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

"பாட்டு நல்லாத்தாம்மா கீது" என்றார். "வூட்ட எப்ப கத்துக் குடுக்கப் போற?"

விஷயம் பிரசிடெண்டம்மாளுக்கு மறுநாளே போய்ச் சேர்ந்தது. அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாள் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோரும் கேட்க, "பாத்தீங்களா, மூணு வாரம் கழிச்சும் ஒரு வார்த்தை மறக்கல! மியூசிக்கோட பவர் அது" என்றாள். முன்வரிசை கைதட்டியது. நான் அன்றைக்கே நர்சரியை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை, வருஷக் கடைசிவரை போனேன். ஆனால் மகத்துக்கு மறுநாள் காலையே அந்த இருபத்திரண்டு பேருக்கும் அவரவர் வீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். நாயைக்கூட. தனி வீட்டு லிஸ்ட்டில் எங்கள் பெயர் வரவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டேனா என்றால், கொஞ்சம் பட்டேன்.

ஆனால் அந்த மத்தியானம், பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பிளாக் வாசலில் இறக்கிவிட்டேன். அவள் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டாள். உடைந்த கைப்பிடியைப் பார்த்தாள். மேலே எங்கள் பச்சைக் கதவைப் பார்த்தாள்.

"அம்மா, இது நம்ம வீடுன்னு சொன்னா அடிப்பியா?"

மாட்டேன் என்றேன். இனிமேல் அடிக்கவே மாட்டேன் என்றேன். சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. நம்புவதற்கு நான் என்ன செய்திருந்தேன்? என்னை நான்கு படி முன்னால் போகச் சொன்னாள். போனேன். கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி வந்தபடி, எனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, "பதினாலாம் பிளாக்கிலே" என்று மெதுவாகப் பாடினாள்.